திறந்த போர்ட்டும் பூட்டிய அறையும்

அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கல்யாணமானதிலிருந்து நான் எடுத்த முடிவுகள் ஏராளம். பெரும்பாலானவை மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் என் மனைவியின் முடிவுகளாக மாறியிருக்கும். இது அப்படி ஆகக் கூடாது. ஏனென்றால் குளியலறையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எங்கள் வீட்டில் உள்பக்கத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே அறை அதுதான். ஜன்னல் தெருப் பக்கம் இல்லை. பஸ் சத்தம் கேட்காது. ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, மேஜைக்கு அடியில் என் மெஷினும், கரண்ட் போனால் அதைத் தாங்க ஒரு பேட்டரியும்.

மெஷின் என்றால் ஒரு பழைய கம்ப்யூட்டர். நான் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே வேண்டாம் என்று கழித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, லினக்ஸ் போட்டு, இரவு பகலாக ஓடவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். யாராவது கேட்டால் 'பராமரிப்பு' என்பேன். பராமரிக்கப்பட்டது நான்தான். சாய்வு நாற்காலியில், வாய் திறந்தபடி.

என் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கவுண்டர்களை மேற்பார்வை பார்ப்பவள். எந்தக் கவுண்டரைத் திறப்பது, எதை மூடுவது, எந்த வரிசையை எங்கே திருப்புவது, எல்லாம் அவள் கையில். அதற்கு மேல் அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்று உண்டு. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வரலாறு பாதியில் நின்றது. ஹாலில் உட்கார்ந்து வாசித்தால் பஸ் ஹார்ன். அதனால் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, அவள் புடவைகளுக்கும் என் பேண்ட்டுகளுக்கும் நடுவில் டார்ச் அடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது குளித்தவள் மாதிரி வேர்த்திருக்கும்.

ஒரு நாள் பள்ளி டீச்சர் ஒரு மாணவியின் குரல் செய்தியை அனுப்பியிருந்தாள். மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நீங்க வாசிக்கிறது ரொம்ப நல்லா இருக்கு. மூணாவது பாடத்துல போர் நடக்கிற இடத்துல திடீர்னு ஏதோ விழுந்துச்சு. ராஜாவா, வேற ஏதாவதா? பரீட்சைல கேப்பாங்களா?"

விழுந்தது என் சட்டை மாட்டிய ஹேங்கர்.

"ஏங்க" என்றாள் மனைவி.

எனக்குப் புரிந்துவிட்டது. "அது சர்வர் ரூம்" என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

"சர்வர்னா என்ன பண்ணுது?"

"சேவை பண்ணுது."

"யாருக்கு?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விகளுக்கு நான் வீட்டில் தயாராக இருப்பதில்லை.

"அதெல்லாம் சொன்னாப் புரியாது. பாத்தாத்தான் புரியும்."

"சரி, காட்டுங்க."

இங்கேதான் வழுக்கினேன். புரியாது என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இன்றும் அந்த நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் வித்தை தெரிந்தவனுக்கு அதைக் காட்டாமல் கை நிற்காது. அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு 'எஸ்எஸ்' என்ற கட்டளையைத் தட்டினேன். இரண்டே எழுத்துதான். மெஷினில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எந்தப் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது, அது யாரோடு பேசுகிறது என்று வரிசையாகக் கொட்டிவிடும். திரை நிறைந்தது. எனக்கு மார்பு நிறைந்தது.

"போர்ட்னா என்ன?"

"உன் ஆஸ்பத்திரி கவுண்டர் மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர்."

அந்த உவமையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்திரண்டாம் நம்பர்ல யாரு?"

"அது வெளியில இருந்து மெஷினுக்குள்ள வர்றதுக்கு."

"யாரு வருவா?"

"நான்."

"நீங்கதான் உள்ளயே இருக்கீங்களே. சரி, அறுநூத்தி முப்பத்தொண்ணு?"

"பிரிண்டர்."

"பிரிண்டரை எங்க அக்காவுக்குக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"மெஷினுக்கு இன்னும் தெரியாது."

"எண்பது?"

"அது வெப்சைட். உலகத்துல யார் வேணா வந்து பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்?"

"சர்வர் நல்லா ஓடுதுன்னு ஒரு பக்கம் இருக்கும். அதைப் பாக்கலாம்."

அவள் விரலைத் திரைமீது வைத்தாள். "எல்லாத்துக்கும் பக்கத்துல லிசன், லிசன்னு போட்டிருக்கே?"

"காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். யாராவது வந்தா உடனே பேசும்."

"பேசினா?"

"எஸ்டாப்னு வரும். இணைப்பு ஏற்பட்டாச்சுன்னு அர்த்தம்."

"அப்படி ஒண்ணுகூட இல்லையே."

"வரலாம்."

"அதுக்குப் பக்கத்துல ரெண்டு நம்பர் இருக்கே, பூஜ்யம், ஐந்நூத்திப் பதினொண்ணு?"

"முதல் நம்பர், எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்கன்னு. ரெண்டாவது, எத்தனை பேர் காத்திருக்க இடம் இருக்குன்னு. பேச்சு ஆரம்பிச்சிட்டா, அதே கட்டம் எவ்வளவு அனுப்பிட்டு இருக்குன்னு காட்டும்." இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"அப்ப ஐந்நூத்திப் பதினொரு நாற்காலி போட்டு வச்சிருக்கீங்க. ஒருத்தர்கூட வந்து உட்காரல."

"அப்படிப் பாக்கக் கூடாது."

"எங்க இடத்துல இப்படி ஒரு கவுண்டர் இருந்தா, அதை மூடிட்டு அதுல இருக்கிற ஆளை வேற வேலைக்கு அனுப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஆனாலும் நியாயஸ்தி. ஒரு வாரம் தவணை கொடுத்தாள். அடுத்த ஞாயிறு திரையில் யாராவது வந்து பேசிக்கொண்டிருந்தால் அறை எனக்கு. இல்லாவிட்டால் அவளுக்கு.

ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். யார் வருவார்கள்? எனக்கு வந்து பேச நாலு பேர் இருந்திருந்தால் நான் ஏன் ஞாயிற்றுக்கிழமை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறேன்? கடைசியில் மூளை வேலை செய்தது. யாரும் வராவிட்டால் என்ன, மெஷினே மெஷினைக் கூப்பிட்டுப் பேசட்டும். ஒரு சின்ன புரோகிராமை ஒரு போர்ட்டில் காதைத் தீட்டி உட்கார வைத்தேன். அதே புரோகிராமின் இன்னொரு பிரதியை அதனோடு இணைத்தேன். இதையே நாற்பது தடவை திரும்பச் செய்யச் சொன்னேன். இதில் ஒரு போனஸும் உண்டு. ஒரே மெஷினுக்குள் நடக்கும் பேச்சில் இரண்டு முனையும் திரையில் தெரியும். நாற்பது இணைப்புக்கு எண்பது வரி. எனக்கே பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.

ஞாயிறு வந்தது. மனைவியும் வந்தாள். எஸ்எஸ் தட்டினேன். எஸ்டாப், எஸ்டாப் என்று திரை அடுக்கடுக்காக ஏறியது.

"கூட்டம் அலைமோதுது" என்றேன்.

"ஆமா." திரைக்குக் கிட்டே குனிந்தாள். "விலாசத்துல இருக்கிற 127.0.0.1 யாருங்க?"

"அவர் ஒரு வாடிக்கையாளர்."

"இந்த வரியிலயும் அவர்தான்."

"அடிக்கடி வருவார்."

"எல்லா வரியிலயும் அவர்தான். இந்தப் பக்கமும் அவர், அந்தப் பக்கமும் அவர். முதல் வரியைத் திருப்பிப் போட்டா ரெண்டாவது வரி. கடைசில இருக்கிற புரோகிராம் பேரும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். டாக்டரும் அவரே, நோயாளியும் அவரே, டோக்கன் குடுக்கறதும் அவரே."

"அது வந்து..."

"ஒரு வார்த்தைகூடப் பேசிக்கல. காத்திருக்கறது பூஜ்யம், அனுப்பினது பூஜ்யம். நாற்பது ஜோடி எதிரெதிரே உட்கார்ந்து சும்மா மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கு. யாருக்குங்க காது குத்துறீங்க?"

அசடு வழிய எழுந்து மேல்வீட்டுக்குப் போனேன். மேல்வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார். யாருடைய கஷ்டத்தையும் பொறுமையாகக் கேட்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், பொய்ச் சாட்சி வைக்கலாம். ஆனா எண்பது சாட்சியும் ஒரே வீட்டு விலாசம் குடுத்தா எந்த ஜட்ஜ் ஒத்துக்குவார்?"

"இப்ப என்ன சார் பண்றது?"

"எதிர்க்கட்சி சொல்றதுக்குத் தலையாட்டுங்க. அதுக்குள்ள ஏதாவது வழி பிறக்கும்."

பிறந்தது. இறங்கி வந்தபோது மனைவி அறையைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

"ஏங்க, டீச்சரோட போன்ல இடமே இல்லையாம். இனிமே பதிவு அனுப்பினா சேராதாம். உங்க மெஷின்ல வச்சு, பசங்களே எடுத்துக்கற மாதிரி பண்ண முடியுமா?"

எனக்கு ஆகாயத்தில் பறப்பது போலிருந்தது. நிஜமான ஆட்கள். வெளியூர் விலாசங்கள். என் ஐந்நூற்றுப் பதினொரு நாற்காலிக்கும் விடிவுகாலம்.

"முடியும். ஆனா ஒரு கண்டிஷன். அப்புறம் மெஷினை அசைக்கக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பசங்க. நடுவுல நின்னா என்ன ஆகும்?"

"சரி" என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அன்றைக்கே வெட்டிப் போர்ட்டுகளை எல்லாம் மூடினேன். பிரிண்டருக்கும் ஒருவழியாக விடை கொடுத்தேன். எண்பதாம் போர்ட்டில் அவள் பதிவுகளை அடுக்கி, ரவுட்டரிலும் வழி திறந்து, விலாசத்தை டீச்சருக்கு அனுப்பினேன். பிறகு எஸ்எஸ் தட்டினேன். யாருமில்லை. மறுபடி தட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து தட்டினேன்.

வந்தது. ஒரு வரி. இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் நான் இதுவரை பார்த்தே இராத ஒரு எண். எஸ்டாப். அனுப்பும் கட்டத்தில் பூஜ்யம் இல்லை. பாடம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை, எங்கேயோ ஒரு வீட்டில், என் மனைவியின் குரலை எடுத்துக்கொண்டிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். பொய் சொல்லவில்லை. பத்து வருஷமாக ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். ஒன்றைப் பார்த்துக்கூட நான் இப்படி நெகிழ்ந்ததில்லை.

"வந்துட்டாங்க" என்று கத்தினேன். அலமாரிக்குள்ளிருந்து, "வாசிச்சிட்டு இருக்கேன், கத்தாதீங்க" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அடுத்த யோசனை உதித்தது. மெஷினுக்கு இவ்வளவு மவுசு வந்த பிறகு அறையைத் திறந்து போடுவது ஆபத்து. தூசி போகலாம். மனைவி போகலாம். பரீட்சை முடியும்வரை அறையைப் பூட்டிவிடுவது, யாரும் நுழையக் கூடாது, நான் உட்பட, என்று அறிவித்தேன்.

"நீங்களும் போக மாட்டீங்களா?"

"எதுக்குப் போகணும்? இருபத்திரண்டாம் போர்ட் இருக்கு. ஆபீஸ்ல இருந்து பாப்பேன். பஸ்ல இருந்து பாப்பேன். மெஷின் எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்னு எல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல."

"அப்படியா?" என்றாள்.

"நடுவுல நெட் வயர் கழண்டாக்கூடப் பரவாயில்ல. உடனே சொருகிட்டா போதும். ரெண்டு பக்கமும் விலாசம் மாறலன்னா பேச்சு விட்ட இடத்துல இருந்து ஓடும்."

"அப்படியா?"

எனக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான் என்று யாராவது சிறுவயதிலேயே சொல்லியிருக்கலாம். அறையைப் பூட்டினேன். சாவியை நடுநிலையான ஆளிடம் கொடுக்க வேண்டும் என்று வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பயபக்தியோடு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் என் வாழ்க்கையின் பொற்காலம். மனைவி வரலாற்றை முடிப்பதற்காக வாரம் முழுக்க லீவு போட்டிருந்தாள். நான் ஆபீஸில் உட்கார்ந்து வீட்டு மெஷினுக்குள் நுழைந்து, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர், ஐந்து பேர், ஒரு டஜன். பேசி முடித்துப் போனவர்களும் கொஞ்ச நேரம் 'டைம் வெயிட்' என்ற பெயரில் திரையில் நிற்பார்கள். விடைபெற்றுச் செருப்பு மாட்டிய பிறகும் வாசலில் நின்று பேசுகிற சொந்தக்காரர்களைப் போல. அவர்களைப் பார்த்தால்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மட்டும் திரை ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. மறுபடி ஓடியது. ஒரு வரிகூட அறுந்திருக்கவில்லை. நெட் மந்தம் என்று முடிவு செய்து, என் மெஷினின் உறுதியை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் பதிவுகளையும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பழைய பாடங்களில் புடவை உரசும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம் எல்லாம் இருந்தன. வியாழக்கிழமை ஏற்றிய பாடத்தில் ஒன்றும் இல்லை. குரல் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகவே வாசிப்பது போல. இந்தக் குரலை நான் வீட்டில் 'ஏங்க' என்ற அளவில் மட்டுமே கேட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"ஒலி எப்படி இவ்வளவு சுத்தமா வருது?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"நீங்கதான் மெஷினை நல்லாப் பாத்துக்கறீங்களே" என்றாள்.

சர்வரைப் பார்த்துக்கொண்டால் பதிவின் ஒலி சுத்தமாகாது. இது என் தொழில், எனக்குத் தெரியும். ஆனால் பாராட்டு காதில் விழும்போது படிப்பெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வரலாற்றுப் பரீட்சை. எல்லாப் பாடமும் ஏறியாகிவிட்டது. போனில் எஸ்எஸ் தட்டினேன். திரை கொள்ளவில்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலாசம். வக்கீலைக் கீழே வரவழைத்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்தேன்.

"பாரு. இத்தனை பேர். இத்தனை பேருக்கும் பாடம் போயிட்டு இருக்கு. இப்ப சொல்லு, இந்த மெஷின் வேணுமா வேண்டாமா?"

"கண்டிப்பா வேணும்" என்றாள் மனைவி.

"மெஷினுக்கு ரூம் வேணுமா வேண்டாமா?"

"மெஷினுக்கு வேண்டாம்."

"ஒரு அங்குலம்கூட நகர்த்த முடியாதும்மா. வக்கீல் சார், சாவியைக் குடுங்க. இவளே கண்ணால பாக்கட்டும்."

வக்கீல் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மனைவி தன் சாவிக்கொத்தை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

சுவரெல்லாம் போர்வை தொங்கியது. மேஜைமேல் ஒரு மைக், பிரித்த புத்தகம், தண்ணீர் பாட்டில். மேஜைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. போனைப் பார்த்தேன். அத்தனை பேரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மெஷின் எங்க?"

"சமையலறைப் பரண்ல. அங்க காத்து நல்லா வருது."

"எப்போ?"

"புதன்கிழமை. வயரை மட்டும் ஒரு நிமிஷம் பிடுங்கிச் சொருகினோம். நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணும் அறுந்து போகல."

"கரண்ட்?"

"பேட்டரியோட சேத்துத் தூக்கினோம். நான் மெஷின், வக்கீல் சார் பேட்டரி."

"நல்ல கனம் சார்" என்றார் வக்கீல்.

"நடுநிலைன்னு நம்பித்தானே சார் சாவி குடுத்தேன்?"

"உங்களுக்கு முன்னாடியே அம்மா என்கிட்ட வந்துட்டாங்களே. ஒரு வழக்குல ரெண்டு பக்கமும் நான் ஆஜராக முடியுமா?"

"என் சாய்வு நாற்காலி?"

"அது என் ஃபீஸ்" என்று சொல்லிவிட்டு, அவர் படியேறிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. அந்தச் சுத்தமான குரல் இங்கே உட்கார்ந்துதான் வந்தது. அத்தனை வரிகளும் அந்தக் குரலைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தன. சரி, நாளையோடு வரலாற்றுப் பரீட்சை முடிகிறது, அதற்குப் பிறகு அறை சும்மாதானே கிடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவள் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அதே மாணவி.

"அக்கா, எல்லாப் பாடமும் ரெண்டு தடவை கேட்டுட்டேன். பயமே இல்ல. அறிவியலும் நீங்களே வாசிப்பீங்களா? கீழ் வகுப்புப் பசங்களும் அவங்க புத்தகத்தைக் கேக்கறாங்க. எல்லாருக்கும் வேணுமாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு மனிதன் தாழ்ப்பாளைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் எப்படிப் பேசுவான்?

"வாசி" என்றேன். "ரூமை நான் உனக்கே குடுத்துட்டேன்." என் வாழ்நாளில் ஒரு பொருளை இவ்வளவு பெருந்தன்மையோடு நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

"ரொம்ப சந்தோஷம்" என்றபடி அவள் புத்தகத்தைப் புரட்டி, மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஆரம்பிக்கப் போறேன். கதவைச் சாத்துங்க."

பூப்போலச் சாத்தினேன்.

"வெளியில நின்னு சாத்துங்க" என்றாள்.